சமரசம் பேசும் முன் பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள்

கணவன் மனைவி பிணக்கு ஜமாஅத்துக்கு வந்தால் பெண்ணிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "அடிச்சாராம்மா?" இல்லை என்றால், பொறுத்துப் போகச் சொல்லி அனுப்பிவிடுவது வழக்கம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியோடு நிற்கவில்லை. இழிவாகப் பேசுவது, செலவுக்குத் தராமல் வைப்பது, நகையை விற்றுவிடுவது எல்லாமே அதில் வன்முறைதான்.

சண்டை என்றால் இருவருமே பேசுவார்கள். அடக்குமுறை இருக்கும் வீட்டுப் பெண், கணவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பாள். செல்போன் யார் கையில் இருக்கிறது? தாய்வீட்டுக்குக் கடைசியாக எப்போது போனாள்? இதை மாமியார் முன்னால் கேட்டுப் பயனில்லை. விவரமான பெண்மணி ஒருவர் தனியறையில் கேட்க வேண்டும்.

சூரா அந்நிஸா 35-ஆம் வசனம் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைக்கச் சொல்கிறது. பெண் தரப்பு நடுவர் பல இடங்களில் பெயருக்குத்தான் உட்கார்ந்திருக்கிறார். பெண்களை வெளியே நிறுத்திவிட்டு அவர்கள் வழக்கைப் பேசுகிறார்களே என்றுதான் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கினார். அவரை ஏசியவர்கள் பலர்; அவர் கேட்டதற்குப் பதில் சொன்னவர்கள் குறைவு.

பயந்து நிற்கும் பெண்ணைச் சமரசம் என்று சொல்லி அதே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மகளிர் உதவி எண் 181-க்கு இரவிலும் பேசலாம். நீதிமன்றத்தில் மனுப்போட மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் உதவுவார்.