காணொலியில் கைது செய்ய சட்டத்தில் இடமில்லை: அழைப்பு, குறுஞ்செய்தி, மின்னஞ்சல் மோசடிகளை அடையாளம் காண்பது எப்படி?

இணையவழி நிதி மோசடிகளால் 2024-ஆம் ஆண்டில் இந்தியர்கள் இழந்த தொகை சுமார் ரூ.22,845 கோடி என மத்திய உள்துறை அமைச்சகம் மக்களவையில் தெரிவித்துள்ளது. அதற்கு முந்தைய ஆண்டில் இத்தொகை சுமார் ரூ.7,465 கோடியாக இருந்தது. ஒரே ஆண்டில் இழப்பு மூன்று மடங்காகியிருக்கிறது.

இத்தனை பெரிய தொகையைப் பறிக்க வங்கிகளின் கணினிகளை உடைத்து நுழைய வேண்டிய அவசியம் மோசடிக்காரர்களுக்குப் பெரும்பாலும் எழுவதில்லை. ஒரு தொலைபேசி அழைப்போ, குறுஞ்செய்தியோ, மின்னஞ்சலோ போதுமானதாக இருக்கிறது. பல நேர்வுகளில் கணக்கின் உரிமையாளரே தமது கையால் பணத்தை அனுப்பி வைக்கிறார். எனவே, இத்தகைய மோசடிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அறிந்துகொள்வதே முதற்கட்டப் பாதுகாப்பு.

படித்தவர்களும் ஏமாறுவது ஏன்?

பஞ்சாப் மாநிலம் லூதியானாவைச் சேர்ந்த 82 வயது ஜவுளித் தொழிலதிபர் ஒருவர், 2024-ஆம் ஆண்டில் இத்தகைய கும்பலிடம் ரூ.7 கோடியை இழந்தார். பத்ம பூஷண் விருது பெற்றவர் அவர். சிபிஐ அதிகாரிகள் எனக் கூறிக்கொண்டு பேசியவர்கள், பண மோசடி வழக்கு ஒன்றில் அவருக்குத் தொடர்பு இருப்பதாக மிரட்டினர். போலியான கைது ஆணையைக் காட்டினர். உச்ச நீதிமன்ற விசாரணை என்ற பெயரில் காணொலி வழியே ஒரு நாடகமே நடத்தினர். அதில் ஒருவர் தலைமை நீதிபதியாக நடித்தார். வீட்டில் எவரிடமும் இதுபற்றிப் பேசக்கூடாது என்றும் அவருக்கு உத்தரவிடப்பட்டது. புகார் கிடைத்ததும் காவல் துறை மேற்கொண்ட நடவடிக்கையால் சுமார் ரூ.5.25 கோடி மீட்கப்பட்டது.

இந்நிகழ்வில் ஏமாற்றப்பட்டவரின் அறிவோ அனுபவமோ குறைவானதல்ல. அச்சம், அவசரம், தனிமை ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் உருவாக்குவதுதான் மோசடிக்காரர்களின் உத்தி. முதலில் அதிகாரத்தின் பெயரால் அச்சுறுத்துகிறார்கள். பிறகு, சிந்திக்க நேரம் கொடுக்காமல் விரட்டுகிறார்கள். இறுதியாக, அறிவுரை சொல்லக்கூடிய உறவினரிடமிருந்து அவரைப் பிரித்து வைக்கிறார்கள். சில மோசடிகளில் அச்சத்திற்குப் பதிலாக ஆசை காட்டப்படுகிறது. பங்குச்சந்தையில் பன்மடங்கு லாபம், வீட்டிலிருந்தே வேலை, பரிசுத் தொகை எனக் கதை மாறினாலும் அவசரமும் இரகசியமும் மாறுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

'டிஜிட்டல் கைது' என்ற நடைமுறை இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை. பிரதமர் நரேந்திர மோடி 2024 அக்டோபர் 27-ஆம் தேதி ஒலிபரப்பான 'மனதின் குரல்' நிகழ்ச்சியிலும் இதைத் தெளிவுபடுத்தினார். ஒருவரைக் கைது செய்ய வேண்டுமானால் காவல் அதிகாரி நேரில் வர வேண்டும். கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு வழங்கும் உரிமை. ஒருவரைக் காணொலி அழைப்பில் அமர்த்தி, கேமராவை அணைக்கக் கூடாது என்று உத்தரவிடும் அதிகாரம் எந்த விசாரணை அமைப்புக்கும் கிடையாது.

விசாரணைக்கு ஆஜராகுமாறு காவல் துறை அனுப்பும் அழைப்பாணையை வாட்ஸ்அப் வழியாக வழங்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. வங்கிக் கணக்கில் உள்ள பணத்தைச் 'சரிபார்ப்பதற்காக' வேறொரு கணக்குக்கு மாற்றச் சொல்லும் நடைமுறையும் எந்த அரசுத் துறையிலும் இல்லை. இந்த ஒரு கோரிக்கை எழுந்தாலே எதிர்முனையில் இருப்பவர் அதிகாரி அல்லர் என்பது உறுதி.

குறுஞ்செய்தியில் கவனிக்க வேண்டியவை

"இன்று இரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்", "உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது", "உங்கள் பொட்டலத்தை ஒப்படைக்க இயலவில்லை" போன்ற செய்திகள் நாள்தோறும் பலருக்கு வருகின்றன. இவற்றில் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணோ இணைப்போ தரப்பட்டிருக்கும்.

வங்கிகளும் அரசுத் துறைகளும் அனுப்பும் குறுஞ்செய்திகள் பத்து இலக்க எண்ணிலிருந்து வருவதில்லை. பதிவு செய்யப்பட்ட எழுத்துத் தலைப்பிலிருந்தே அவை வருகின்றன. 2025-ஆம் ஆண்டு முதல் அத்தலைப்பின் இறுதியில், விளம்பரத்துக்கு 'பி', சேவைக்கு 'எஸ்', பரிவர்த்தனைக்கு 'டி', அரசுச் செய்திக்கு 'ஜி' என்ற ஆங்கில எழுத்து இடம்பெறவும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வகை செய்துள்ளது.

வாட்ஸ்அப் வழியாக வரும் 'ஏபிகே' கோப்புகள் மேலும் ஆபத்தானவை. போக்குவரத்து அபராத ரசீது, திருமண அழைப்பிதழ், அரசு நலத்திட்டப் படிவம் என்ற பெயர்களில் இவை அனுப்பப்படுகின்றன. ஏபிகே என்பது படமோ ஆவணமோ அன்று. கைப்பேசியில் நிறுவப்படும் செயலி. அதை நிறுவி அனுமதி அளித்துவிட்டால், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் உள்ளிட்ட குறுஞ்செய்திகளை மோசடிக்காரர்களே படித்துக்கொள்ள முடியும். தெரிந்தவரின் எண்ணிலிருந்து வந்தாலும் அவரது கைப்பேசி முன்னரே பறிபோயிருக்கலாம் என்பதை மறக்கலாகாது.

அழைப்புகளில் கவனிக்க வேண்டியவை

சேவை மற்றும் பரிவர்த்தனை தொடர்பான அழைப்புகளுக்கு '1600' என்று தொடங்கும் எண்களையும், விளம்பர அழைப்புகளுக்கு '140' வரிசை எண்களையும் பயன்படுத்துமாறு வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் அறிவுறுத்தியது. ஆயினும், திரையில் தெரியும் எண்ணை மட்டுமே நம்புவது போதாது. எண்ணைப் போலியாகக் காட்டும் தொழில்நுட்பம் மோசடிக்காரர்களிடம் உள்ளது.

பொட்டலம் கொண்டுவருபவர் எனக் கூறிக்கொண்டு, '401' அல்லது '21' இடம்பெறும் குறியீடு ஒன்றை அழுத்தச் சொல்வது மற்றொரு தந்திரம். அழைப்புகளை வேறோர் எண்ணுக்குத் திருப்பிவிடும் குறியீடு அது. அதன்பின் வங்கியிலிருந்து வரும் குரல்வழிக் கடவுச்சொல்லும் மோசடிக்காரரையே சென்றடையும். உதவி செய்வதாகக் கூறித் திரைப் பகிர்வுச் செயலியை நிறுவச் சொல்வோரிடமும் இதே எச்சரிக்கை தேவை. வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுப்பதைக் காட்டிலும், வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்ட எண்ணை அழைப்பதே பாதுகாப்பானது.

மின்னஞ்சலும் இணைய முகவரியும்

அனுப்புநரின் பெயர் வங்கியின் பெயராக இருக்கலாம். மின்னஞ்சல் முகவரி வேறாக இருக்கும். எனவே பெயரைத் தொட்டு முழு முகவரியையும் பார்க்க வேண்டும். இணைய முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது வேறோர் இணையதளமே. இத்தகைய குழப்பத்தைக் குறைக்கும் பொருட்டு, இந்திய வங்கிகள் அனைத்தும் 2025 அக்டோபர் 31-ஆம் தேதிக்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கியின் பெயரில் வரும் இணைப்பு இவ்வாறு முடியாவிட்டால் அதைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

பணம் பெற ரகசிய எண் தேவையில்லை

பழைய பொருளை விற்க விளம்பரம் செய்தவரிடம், "பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை உள்ளிடுங்கள்" என்று கூறி ஏமாற்றுவது நீண்டகாலமாக நடைபெறும் மோசடி. யுபிஐ முறையில் பணத்தைப் பெறுவதற்கு ரகசிய எண்ணை உள்ளிட வேண்டியதே இல்லை. அதை உள்ளிடச் சொன்னால், பணம் நம் கணக்கிலிருந்து வெளியேறப் போகிறது என்று பொருள். தனிநபர்கள் ஒருவரிடம் மற்றவர் பணம் கோரும் 'கலெக்ட்' வசதி, மோசடிகளைத் தடுக்கும் நோக்கில் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது.

பணம் பறிபோனால் என்ன செய்வது?

கால தாமதமே இழப்பை நிரந்தரமாக்குகிறது. பறிக்கப்பட்ட தொகை வாடகைக்கு எடுக்கப்பட்ட பல வங்கிக் கணக்குகள் வழியாக விரைவாகக் கைமாறி, ரொக்கமாகவோ மெய்நிகர் நாணயமாகவோ வெளியேறிவிடும். அதற்கு முன்பே அதை முடக்கினால் மட்டுமே மீட்க வாய்ப்பு உண்டு. ஆகவே, உடனடியாக 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' என்ற அரசு இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை ஆகியவற்றைத் தயாராக வைத்திருப்பது உதவும். குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பதிவுகளையும் அழித்துவிடக் கூடாது.

அதே வேளையில் வங்கிக்கும் தகவல் தெரிவிப்பது அவசியம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6-ஆம் தேதிய சுற்றறிக்கையின்படி, வங்கியோ வாடிக்கையாளரோ காரணமாகாமல் மூன்றாம் தரப்பு அத்துமீறலால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் அளிக்கும் வாடிக்கையாளருக்கு இழப்பு ஏதும் இல்லை. கடவுச்சொல்லைப் பகிர்ந்தது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தால், புகார் அளிக்கும் நேரம் வரையிலான இழப்பு அவருடையது. அதன்பின் நிகழும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது. தவறு தம்முடையது என்று எண்ணித் தயங்குவோருக்கும், புகாரைத் தள்ளிப்போடாமல் இருக்க இது வலுவான காரணமாகும்.

பணம் பறிபோகாவிட்டாலும், சந்தேகத்துக்குரிய அழைப்புகளையும் செய்திகளையும் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உள்ள 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம். தமது பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் உள்ளன என்பதையும் அத்தளத்தில் சரிபார்க்க முடியும்.

குடும்பத்தில் பேச வேண்டியவை

மோசடிக்காரர்கள் இரகசியத்தை வலியுறுத்துவதற்குக் காரணம், வீட்டிலுள்ள மற்றொருவரின் ஒரே கேள்வியில் அவர்களின் கதை கலைந்துவிடும் என்பதே. ஆகவே, மிரட்டலான அழைப்பு வந்தால் இணைப்பைத் துண்டித்துவிட்டு யாரை அழைப்பது என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் முன்கூட்டியே பேசி வைக்கலாம். உறவினரின் குரலில் அவசர உதவி கோரி அழைப்பு வந்தால், நாம் அறிந்த எண்ணில் அவரை மீண்டும் அழைத்து உறுதி செய்துகொள்ளலாம். ஏமாந்தவரைக் கடிந்துகொள்வது அடுத்த முறை அவர் வாய் திறப்பதையும் தடுத்துவிடும். புகார் அளிக்க உடனே துணை நிற்பதே அப்போது குடும்பத்தினர் செய்ய வேண்டிய முதல் வேலை.