உடன்பிறப்பை வெட்டிய சட்டம்: ஆஸ்திரேலியாவின் ‘திருடப்பட்ட தலைமுறைகள்’ நமக்கு உணர்த்துவது என்ன?

1931ஆம் ஆண்டு, மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் உள்ள ஜிகலாங் என்னும் குடியிருப்பிலிருந்து மூன்று தொல்குடிச் சிறுமியரை அரசு பிடித்துச் சென்றது. மூத்தவள் மோலி; வயது 14. மற்ற இருவர் அவளுடைய தங்கை டெய்சியும், உறவுமுறைச் சகோதரி கிரேசியும். பெர்த் நகருக்கு வடக்கே உள்ள மூர் ரிவர் அரசுக் குடியிருப்பில் அவர்கள் அடைக்கப்பட்டனர். விரைவிலேயே அங்கிருந்து தப்பினர். முயல்கள் பரவுவதைத் தடுக்க அரசு எழுப்பியிருந்த நெடுவேலியையே வழித்துணையாகக் கொண்டு, ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவை நடந்து கடந்தனர். வழியில், தன் தாய் வீலூனாவில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பிரிந்து சென்ற கிரேசி மீண்டும் பிடிபட்டாள். மோலியும் டெய்சியும் வீடு சேர்ந்தனர்.

மோலியின் மகள் டோரிஸ் பில்கிங்டன் கரிமாரா 1996இல் இதனை நூலாக எழுதினார். 2002இல் அது திரைப்படமாயிற்று. உலகம் இதனைத் துணிச்சலின் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால், ஓர் அக்காவையும் தங்கையையும் அவர்களுடைய ஊரிலிருந்து அகற்றுவதற்கு ஓர் அரசு ஏன் இத்தனை முனைப்புக் காட்டியது என்னும் வினாவை நாம் எழுப்பியாக வேண்டும்.

பாதுகாவலர் என்னும் அதிகாரம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் 1905ஆம் ஆண்டுத் தொல்குடியினர் சட்டம், ‘தலைமைப் பாதுகாவலர்’ என்னும் அதிகாரியை 16 வயதுக்குட்பட்ட தொல்குடிக் குழந்தைகளுக்கும் கலப்பினக் குழந்தைகளுக்கும் சட்டப்படியான காப்பாளராக்கியது. பெற்ற தாய் உயிருடன் இருக்கும்போதே குழந்தையின் மீதான உரிமை அரசுக்குச் சென்றது. 1915இல் இப்பதவிக்கு வந்த ஏ. ஓ. நெவில், வெளிர்நிறக் குழந்தைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்து, சில தலைமுறைகளில் வெள்ளையருக்குள் கரையச் செய்துவிடலாம் என்று நம்பினார். 1937இல் கான்பெராவில் கூடிய அதிகாரிகள் மாநாடு இக்கருத்தையே கொள்கையாக ஏற்றது.

இக்கொள்கையின் கத்தி எங்கே விழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘முழு இரத்தம்’, ‘அரை இரத்தம்’, ‘கால் இரத்தம்’ என்று அரசு மக்களைத் தரம் பிரித்தது. ஒரே தாயின் வயிற்றில் பிறந்தவர்களுள் நிறம் வெளிர்ந்த பிள்ளை பிடித்துச் செல்லப்பட்டது. நிறம் கறுத்த பிள்ளை விட்டுவைக்கப்பட்டது. படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் எதனைச் சுட்டினாரோ, அதற்கு நெருங்கிய ஒரு தந்திரம் இங்கு ஒரே குடிசைக்குள், உடன்பிறந்தாருக்கு இடையிலேயே செயல்பட்டது.

அடுத்த தலைமுறையின் அக்காவும் தங்கையும்

மோலியின் கதை 1931இல் முடியவில்லை. சுமார் பத்தாண்டுகள் கழித்து, மருத்துவச் சிகிச்சைக்காகப் பெர்த் சென்ற மோலி, தன் இரு பெண் குழந்தைகளுடன் அதே மூர் ரிவருக்கு அனுப்பப்பட்டார். 1941இல் கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு மறுபடியும் தப்பி ஊர் வந்தார். இருவரையும் சுமக்க இயலாத நிலையில், மூத்தவளான டோரிஸை விட்டுவர நேர்ந்தது. சில ஆண்டுகளில், சுமந்து வந்த இளையவளையும் அரசு பறித்துக்கொண்டு, வெளிர்நிறக் குழந்தைகளுக்கென நடத்தப்பட்ட இல்லம் ஒன்றில் சேர்த்தது. டோரிஸ் 1962இல் தாயைக் கண்டடைந்தார். இளைய மகள் தாயிடம் திரும்பவேயில்லை. மோலி 2004இல் மறைந்தார்.

இது ஒரு குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. 1997இல் வெளியான ‘அவர்களை வீட்டுக்கு அழைத்து வருதல்’ என்னும் தேசிய விசாரணை அறிக்கை, 1910 முதல் 1970 வரையிலான காலத்தில் தொல்குடிக் குழந்தைகளுள் பத்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை வலுக்கட்டாயமாக அகற்றப்பட்டதாக மதிப்பிட்டது. 535 தொல்குடியினரின் வாக்குமூலங்களை அவ்விசாரணை பதிவு செய்தது. அண்ணனும் தங்கையும் வெவ்வேறு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டதும், ஒரே கூரையின்கீழ் வளர்ந்தும் தாம் உடன்பிறந்தவர் என்பதை அறியாதிருந்ததும் அவற்றில் வெளிவந்தன.

உறவுமுறையும் நிலமும்

இந்த இழப்பின் ஆழத்தைத் தமிழ் வாசகர் எளிதில் உணரலாம். தொல்குடிச் சமூகங்கள் பலவற்றில் தாயின் சகோதரியும் தாயே. தந்தையின் சகோதரரும் தந்தையே. அவர்களுடைய பிள்ளைகள் அனைவரும் உடன்பிறந்தவர்கள். பெரியம்மா மகளை அக்கா என்றும் சித்தப்பா மகனைத் தம்பி என்றும் நாம் அழைப்பதைப் போன்றதே இது. அங்கே ஒரு குழந்தையை அகற்றுவது என்பது பெற்றோரிடமிருந்து மட்டும் பிரிப்பதாகாது; மொழியையும் கதையையும் நீர்நிலைகளின் இருப்பிடத்தையும் கற்றுத்தரும் அக்காமார், அண்ணன்மார் அத்தனை பேரையும் ஒருசேரப் பறிப்பதாகும்.

குடியேற்றக் காலனியத்தின் உள்நோக்கம் இங்குதான் புலப்படுகிறது. உழைப்பைச் சுரண்டும் காலனியத்துக்கு உழைக்கும் மக்கள் தேவை. நிலத்தைக் கைப்பற்றிக் குடியேறும் காலனியத்துக்கோ அந்நிலத்தின் மக்கள் இல்லாமற்போவதே ஆதாயம். நிலத்தின் மீதான உரிமை உறவின் வழியாகவே கைமாறும் சமூகத்தில், உறவை அறுத்தால் உரிமை கோர ஆளிராது. 1992ஆம் ஆண்டு மாபோ தீர்ப்புக்குப் பிறகு தொல்குடி நில உரிமையைச் சட்டம் ஏற்றது. ஆயினும், நிலத்துடனும் மரபுடனும் தொடர்பு அறுபடாமல் இருந்ததை மெய்ப்பிக்கும் சுமையை அது மக்கள் மீதே ஏற்றியது. தொடர்பை அறுத்த அரசே, அறுபடாத தொடர்புக்குச் சான்று கேட்டது.

நம் மண்ணில் இதன் சாயல்

பிரிட்டிஷ் இந்தியா குடியேற்ற நாடு அன்று. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது பிழையாகும். எனினும் அதே பேரரசின் சட்ட அறிவு இங்கும் வேலை செய்தது. 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. குறவர் உள்ளிட்ட சமூகங்களின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் சேர்க்க அச்சட்டம் அரசுக்கு அதிகாரம் அளித்தது. குடும்பமே குற்றத்தின் ஊற்று என்பது அதன் வாதம். ‘பாதுகாப்பு’, ‘சீர்திருத்தம்’ என்னும் சொற்கள் ஒடுக்கப்பட்டோரின் வாசலுக்கு வரும்போதெல்லாம், அவை எந்த உறவை உடைக்க வருகின்றன என்று நாம் வினவ வேண்டியிருப்பது இதனாலேயே.

மீட்சியின் பாதை

2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். அதற்கு முன்பே, 1980இல், கோரல் எட்வர்ட்ஸ், பீட்டர் ரீட் ஆகியோர் தொடங்கிய ‘லிங்க்-அப்’ அமைப்பு பிரிந்த குடும்பங்களைத் தேடிச் சேர்க்கும் பணியில் இறங்கியிருந்தது. தேடல் முடியும் வேளையில் பலருக்குத் தாயும் தந்தையும் உயிருடன் இருப்பதில்லை. வாசலில் வந்து நிற்பது ஓர் அண்ணனோ தங்கையோதான்.

அகற்றப்பட்டவர்களுக்கு மட்டுமன்றி, பின்தங்கிய குடும்பத்தினருக்கும் சமூகத்துக்கும் ஈடு செய்ய வேண்டும் என்று 1997 அறிக்கை பரிந்துரைத்தது. ஆனால் 2021இல் அறிவிக்கப்பட்ட கூட்டரசின் திட்டம், தன் ஆட்சிப்பகுதிகளில் அகற்றப்பட்ட நபருக்கு 75,000 டாலர் வரை வழங்குவதையே மையமாகக் கொண்டது. அக்காவைப் பறிகொடுத்துத் திண்ணையில் காத்திருந்த தங்கைக்கு அதில் தனியிடம் இல்லை. இழப்பைத் தனிநபர் கணக்காகச் சுருக்கும் எந்த நீதியும் பாதி நீதியே. உறவைக் குறிவைத்து இழைக்கப்பட்ட குற்றத்துக்கு, உறவையே அலகாகக் கொண்டு ஈடு கேட்கும் தொல்குடி மக்களின் கோரிக்கை நம்முடைய கோரிக்கையும் ஆகும்.