ஓடும், ஆனால் செல்லாது!

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்காவிடம் மூன்று கணினிகள் உண்டு. ஒன்று பிரிண்ட் எடுக்க, ஒன்று ஆன்லைன் விண்ணப்பம் போட. மூன்றாவது, சுவரோரம் ஸ்டூல் மேல் தனியாக உட்கார்ந்திருக்கும் பழைய பெட்டி. அதற்கு இன்டர்நெட் கிடையாது. விண்டோஸ் 7-இல் ஓடும் அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு வேலைதான்: பக்கத்தில் இருக்கும் ஸ்கேனரை இயக்குவது.

ஸ்கேனர் 2009-இல் வாங்கியது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. பத்திரம், பட்டா, சாதிச் சான்றிதழ் என எதை வைத்தாலும் எழுத்து முத்து முத்தாக விழுகிறது. ஆனால் கடையின் புதுக் கணினியில் செருகினால், அப்படி ஒரு பொருள் இருப்பதே அதற்குத் தெரியாது. தயாரித்த நிறுவனம் 32 பிட் டிரைவரோடு நிறுத்திக்கொண்டுவிட்டது. 64 பிட் விண்டோஸ் அந்த டிரைவரை ஏற்காது. விண்டோஸ் 11-இலோ 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே அக்கா பழைய பெட்டியில் ஸ்கேன் செய்து, பென்டிரைவில் ஏற்றி, புதுக் கணினியில் இறக்கி, அங்கிருந்து அனுப்புகிறார். வரிசையில் நிற்பவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

“ஒரு நாளைக்கு நூறு தடவை பென்டிரைவைப் பிடுங்கிச் செருகுறேன் தம்பி. ஸ்கேனர் என்ன தப்புப் பண்ணுச்சு, சொல்லுங்க?”

2025 அக்டோபரில் அதே கேள்வி என் வீட்டுக்கும் வந்தது. 2018 மார்ச்சில், மகளின் கல்லூரிப் படிப்புக்காக ஒரு லேப்டாப் வாங்கினோம். “லேட்டஸ்ட் மாடல் சார்” என்றார் கடைக்காரர். உள்ளே இருந்தது இன்டெலின் ஏழாம் தலைமுறை பிராசசர். எட்டாம் தலைமுறை 2017-லேயே வந்துவிட்டது என்பது விற்றவருக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியாது. கொரோனா காலத்து வகுப்புகள் முழுக்க அதில்தான் நடந்தன. 2021-இல் எஸ்.எஸ்.டி. போட்டதும் புதுசு மாதிரி ஆகிவிட்டது. மகள் வேலைக்குப் போன பிறகு அது என் எழுத்து மேசைக்கு வந்தது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. 11-க்கு மாறலாமா என்று சோதித்தேன். அது கேட்பது 4 ஜி.பி. ராம், என்னிடம் 8 இருக்கிறது. அது கேட்பது 64 ஜி.பி. இடம், அதைப்போல் நான்கு மடங்கு இருக்கிறது. ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கும் டி.பி.எம். 2.0 வசதியும் இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் இல்லை: பிராசசரின் பெயர் அவர்களுடைய பட்டியலில் இல்லை. இன்டெலில் சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறைக்கு முந்தைய எதுவும் அதில் இல்லை. சர்வீஸ் பார்க்கும் தம்பி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “மெஷின் தங்கம் சார். ஆனா செல்லாது.”

இதே நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் 2015-இல் ஒரு மாநாட்டு மேடையில், விண்டோஸ் 10-தான் கடைசி விண்டோஸ் என்று பேசினார். இனி அதையே மெருகேற்றிக்கொண்டு போவோம் என்பதுதான் அன்று எல்லோரும் புரிந்துகொண்டது. ஆறே ஆண்டுகளில், 2021 அக்டோபர் 5 அன்று, 11 வந்துவிட்டது.

நிறுவனம் சொல்லும் காரணத்தையும் கேட்க வேண்டும். பழைய பிராசசர்களில் புதிய பாதுகாப்பு அம்சங்கள் சரியாக ஓடாது என்கிறார்கள். சோதனைக் காலத்தில், தகுதி பெறாத கணினிகளில் கர்னல் கிராஷ் 52 விழுக்காடு அதிகமாக இருந்தது என்றும் 2021-இல் சொன்னார்கள். பாதுகாப்பு விளையாட்டுக் காரியமில்லை. வங்கிக் கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் அதே 2021-இல், ஏழாம் தலைமுறையைச் சேர்ந்த 7820எச்.கியூ. என்ற பிராசசரையும் பட்டியலில் சேர்த்தார்கள். மைக்ரோசாஃப்ட் தானே தயாரித்து விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-இல் இருப்பது அந்தப் பிராசசர். தன் வீட்டுப் பிள்ளைக்குத் திறக்கிற கதவை ஊரார் பிள்ளைக்கு மட்டும் சாத்துவது என்ன நியாயம்?

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை எழுதுவதை யாரும் நிறுத்தவில்லை. பெரிய நிறுவனங்கள் பணம் கட்டினால் 2028 அக்டோபர் வரை கிடைக்கும். ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டு இரண்டிரண்டு மடங்கு. இயந்திரங்களுக்குள் பொருத்தப்படும் ஐ.ஓ.டி. எண்டர்பிரைஸ் எல்.டி.எஸ்.சி. 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி வரை உண்டு. அதுவும் விண்டோஸ் 10-தான். வீட்டுக்காரர்களுக்கு அறிவித்தது ஒரே ஓர் ஆண்டு, 2026 அக்டோபர் 13 வரை. அதற்கும் 30 டாலர், அல்லது நம் கணினியின் அமைப்புகளை அவர்கள் கணக்கில் சேமிக்கச் சம்மதம். மருந்து தயாராகிக்கொண்டே இருக்கிறது. நமக்கு மட்டும் ஸ்டாக் இல்லை என்கிறார்கள். முடியாத காரியம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இது முடிகிற காரியம், செய்வதில்லை என்று எடுத்த முடிவு. என் கோபம் அங்கேதான் இருக்கிறது.

ஆப்பிளும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். இன்டெல் பிராசசர் கொண்ட மேக்குகளுக்கு 2025-இல் வந்த டஹோதான் கடைசி மேக் ஓ.எஸ். பதிப்பு. இன்டெல் மேக் ப்ரோவை அவர்கள் 2023 ஜூன் வரை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அப்டேட் வராதது ஒரு தொல்லை என்றால், வருகிற அப்டேட் வருகிற நேரம் இன்னொரு தொல்லை. போட்டித் தேர்வு நாள் காலையில் அக்காவின் கடைக்குப் போய்ப் பாருங்கள். ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க ஏழெட்டுப் பிள்ளைகள் நிற்பார்கள். ஒருமுறை நான் போனபோது, கணினியை அணைக்காதீர்கள் என்ற வரியோடு திரை 27 விழுக்காட்டில் நின்றிருந்தது. ஒரு பெண் செருப்பைக் கூட மாட்டாமல் அடுத்த கடைக்கு ஓடினாள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் காலம் தள்ளும் வீடுகளில், அன்றைய 1.5 ஜி.பி. முழுவதையும் ஒரு அப்டேட் காலையிலேயே குடித்துவிடும். 2016-இல், விண்டோஸ் 10-க்கு அழைக்கும் பெட்டியின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடினால், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். தன் அனுமதியில்லாமல் நடந்த மாற்றத்தால் தொழில் கெட்டது என்று வழக்குப் போட்ட கலிபோர்னியப் பயண முகவர் ஒருவருக்கு, அதே ஆண்டு 10,000 டாலர் கிடைத்தது. 2018 அக்டோபரில் ஒரு அப்டேட் சிலருடைய கோப்புகளையே அழித்துவிட, விநியோகத்தை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

என் லேப்டாப்பைக் குப்பைக்கு அனுப்ப மனம் வரவில்லை. கழித்துக்கட்டப்படும் கணினிகள் எங்கே போகின்றன என்று தெரிந்தவர்களுக்கு அந்த மனம் வராது. டெல்லியின் சீலம்பூரில், செம்புக்காக வயரைக் கொளுத்தியும் போர்டை அமிலத்தில் முக்கியும் பிழைக்கிறவர்களின் நுரையீரலுக்குள் போகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை விண்டோஸை எடுத்துவிட்டு, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். தமிழ் 99 விசைப்பலகை வேலை செய்கிறது. இந்தக் கட்டுரை அதில் தட்டியதுதான்.

அன்று மாலையே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்காவின் கடைக்குப் போனேன். 2009 ஸ்கேனரின் வயரைச் செருகினேன். எந்த டிரைவரையும் தேடவில்லை. விளக்கு எரிந்தது, உள்ளே சட்டம் நகர்ந்தது, ஒரு ரேஷன் கார்டு திரையில் பளிச்சென்று விழுந்தது. லினக்ஸில் ஸ்கேனரை இயக்கும் சேன் என்ற மென்பொருளை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் இன்றுவரை பராமரிக்கிறார்கள். விற்றவர்கள் கைவிட்டதை, அதில் ஒரு காசும் பார்க்காதவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அக்கா சிரிக்கவில்லை. “அப்போ இத்தனை வருஷமா என்னைச் சும்மா அலைய விட்டாங்களா?” என்றார்.

அவரால் முழுக்க லினக்ஸுக்கு வர முடியாது. கல்யாணப் பத்திரிகை வேலைக்கு இன்னும் பேஜ்மேக்கர் 7 வைத்திருக்கிறார். 2001-இல் வந்த மென்பொருள். அடோபி அதை மேம்படுத்துவதை நிறுத்தி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவரிடம் இருக்கும் மாதிரிகள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் இருப்பவை. கணக்கு எழுதும் டேலிக்கும் விண்டோஸ்தான் வேண்டும். இப்படிச் சிக்கிக்கொண்டவர்களை நோக்கி “லினக்ஸ் போடுங்கள்” என்று சொல்லிவிட்டு நகர்வது சரியில்லை.

சட்டம்தான் வர வேண்டும். விற்பனைக்கு வரும் பொட்டலங்களின் மேல் அதிகபட்ச விலையும், தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட வேண்டும் என்பது இங்கே ஏற்கெனவே இருக்கிற விதி. கணினிப் பெட்டியில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: எந்த ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் வரும் என்ற வரி. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் ஸ்மார்ட்போன், டேப்லெட்களுக்கு, விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு அப்டேட் தர வேண்டும் என்று விதித்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான கூடுதல் ஓராண்டும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு இலவசமாகவே கிடைத்தது. அங்குள்ள நுகர்வோர் அமைப்புகள் விடாமல் கேட்டதால் கிடைத்தது.

அந்த விதி இங்கே வரும்வரை ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை கணினியோ பிரிண்டரோ ஸ்கேனரோ வாங்கும்போது, எந்த ஆண்டு வரை அப்டேட்டும் டிரைவரும் வரும் என்று கேளுங்கள். பதிலை பில்லிலேயே எழுதி, கடை முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால், பணத்தைக் கொடுக்காமல் எழுந்து வாருங்கள்.