முதல் பாத்தி எந்தப் பக்கம்?

ஆடி பிறந்தாச்சு, கையில் கத்தரி விதையும் வந்தாச்சு. உடனே மண்வெட்டியைத் தூக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், சுட்டிகளே! கொல்லைப்புறச் சுவரின் நிழலை முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.

நம் திண்டுக்கல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10.4 பாகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுவில் ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறை, உச்சிவேளைச் சூரியன் நேராக நம் தலைக்கு மேலே வரும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. டெல்லியில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த அதிசயம் கிடைக்காது. அங்கே உச்சிவேளைச் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கேதான்!

கிழக்கு மேற்காக 5 அடி உயரச் சுவர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 21 உச்சிவேளையில் அதன் நிழல் தெற்குப் பக்கம் ஓரடிக்குச் சற்று மேல் விழும். டிசம்பர் 21 அன்றோ வடக்குப் பக்கம் 3 அடியைத் தாண்டிவிடும்.

இப்போது கத்தரிக்கு வருவோம். ஆடியில் விதைத்து, ஒரு மாத நாற்றைப் பிடுங்கி நட்டால், ஐப்பசி முதல் மார்கழி வரை காய் பறிக்கலாம். நிழல் வடக்கே நீளும் காலமும் அதுதான். ஆடியில் பளிச்சென்று வெயிலடித்த வடக்கு ஓரத்தை நம்பி நட்டிருந்தால், காய்க்கிற நேரத்தில் செடி நிழலில் நிற்கும். இலை வெயிலை வைத்துத்தான் சர்க்கரை தயாரிக்கிறது. அந்தச் சர்க்கரையில்தான் காய் பெருக்கிறது. கத்தரி, தக்காளி, வெண்டைக்கு நாளுக்கு 6 மணி நேர வெயிலாவது வேண்டும். ஆகவே அவற்றைச் சுவருக்குத் தெற்கே, இரண்டடி தள்ளி நடுங்கள். வடக்கு ஓரத்தைப் புதினாவுக்குக் கொடுங்கள். அது அரை நிழலிலும் தழைக்கும்.

பாத்தி ஒன்று போதும். அகலம் 3 அடிக்கு மேல் வேண்டாம். இரு பக்கமிருந்தும் கை எட்டினால் உள்ளே மிதிக்க வேண்டியிருக்காது. மிதித்தால் மண்ணின் காற்றிடைவெளி நசுங்கி, வேர் மூச்சுத் திணறும். தென்மேற்குப் பருவக்காற்றைப் பழனி மலைத்தொடர் மறித்துவிடுவதால், நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அப்போது தண்ணீர் தேங்காதபடி பாத்தியை அரையடி உயர்த்திவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே வெட்டவெளியில் ஒரு குச்சியை நேராக நட்டு, பகல் 12.20-க்கு நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். ஏன் 12 மணி இல்லை? நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைப்படி ஓடுகிறது. நாம் அதற்கு மேற்கே, 78 பாகையில் இருக்கிறோம். அதனால் நமக்கு உச்சிவேளை சற்றுத் தாமதமாக வரும். வாராவாரம் கல் வைத்து, நிழல் எந்த வாரம் பக்கம் மாறுகிறது என்று நோட்டில் குறித்து வையுங்கள்.