மீனுக்குப் பேன் பார்க்கும் வீடு

பாட்டி மடியில் தலை வைத்துப் பேன் பார்த்துக்கொண்ட அனுபவம் உங்களில் பல பேருக்கு இருக்கும். 'ஆடாம இருடி, ஒண்ணு ஓடுது!' என்று பாட்டி அதட்டுவார். கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே 'சட்'டென்று ஒரு சத்தம்... பேனின் கதை முடிந்தது!

சரி, மீனுக்கு யார் பேன் பார்ப்பது?

என்ன, சிரிப்பு வருகிறதா? உண்மையாகவே மீனுக்குப் பேன் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், குழந்தைகளே! அதுவும் ஒன்றிரண்டு நாள் அல்ல, 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பார்க்கிறார்கள். அந்த இடத்துக்குத்தான் இப்போது நாம் போகப் போகிறோம்.

உலகப் படத்தை எடுத்து விரித்துக்கொள்ளுங்கள். கனடாவின் மேற்கு ஓரத்தில், பசிபிக் கடலை ஒட்டி, வான்கூவர் தீவு நீளமாகப் படுத்திருக்கும். அதன் வடபகுதிக்கும் பெருநிலத்துக்கும் நடுவே துண்டு துண்டாகத் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. நூற்றுக்கணக்கில்! அதற்குப் புரோட்டன் தீவுக்கூட்டம் என்று பெயர். அதில் கில்ஃபோர்டு என்ற தீவில் எக்கோ பே என்ற குட்டி ஊர். அந்த ஊருக்குச் சாலை கிடையாது. பஸ், ரயில் எதுவும் போகாது. படகில் போகலாம், அல்லது தண்ணீரிலேயே இறங்கும் சின்ன விமானத்தில் போகலாம். பெரிய மரக்கட்டைகளின் மேல் கட்டி, கடலில் மிதக்கவிட்ட வீடுகளும் அங்கே உண்டு. நடுராத்திரி தூக்கத்தில் புரண்டு படுத்தால், வீடும் கூடவே ஆடுமோ என்னவோ!

அங்கேதான் 'சால்மன் கோஸ்ட்' ஆய்வு நிலையம் இருக்கிறது.

இதன் கதை ஒரு பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. அவர் பெயர் அலெக்சாண்ட்ரா மார்ட்டன். 1984இல் அவர் எக்கோ பேவுக்கு வந்தது மீனுக்காக அல்ல. ஓர்கா என்ற கறுப்பு வெள்ளைத் திமிங்கிலங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சத்தத்தைக் கேட்க வந்தார். தண்ணீருக்குள் மைக்கை இறக்கிவிட்டு, மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருப்பார். 1986இல் அவருடைய கணவர் ராபின், ஓர்காக்களைப் படம் பிடிக்கக் கடலுக்குள் இறங்கியபோது மூழ்கி இறந்துபோனார். சின்னப் பையன் ஒருவனை வைத்துக்கொண்டு, அந்தத் தனித் தீவில் மார்ட்டன் தொடர்ந்து தங்கினார். ஊருக்குத் திரும்பிப் போகவில்லை.

1980களின் இறுதியில் அந்தக் கடலுக்குள் மீன் பண்ணைகள் வர ஆரம்பித்தன. வலையால் ஆன மிகப் பெரிய கூண்டுகள். உள்ளே லட்சக்கணக்கில் அட்லாண்டிக் சால்மன்கள். அது அந்தக் கடலின் மீனே அல்ல, வேறொரு சமுத்திரத்து மீன்! சீல்கள் வந்து மீனைத் திருடாமல் இருக்க, 1993 முதல் சில பண்ணைகள் தண்ணீருக்குள் காதைப் பிளக்கும் ஒலிக்கருவிகளை வைத்தன. ஓர்காக்களும் அந்தப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டன. 1999இல் கருவிகளை நிறுத்தியதும் பழையபடி வரத் தொடங்கின. இதையும் மார்ட்டன் நாள்தோறும் குறித்து வைத்திருந்தார். குறித்து வைப்பது அவருக்குப் பழக்கம். அந்தப் பழக்கம் எங்கே கொண்டு போய் விட்டது என்று பாருங்கள்.

அதற்கு முன்னால் சால்மனைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். நம் ஊர் மீன் கடையில் 'இந்தியன் சால்மன்' என்று எழுதி விற்பது காலா மீன். அதற்கும் இதற்கும் உறவே கிடையாது! உண்மையான சால்மன், ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும் மீன். தான் பிறந்த ஓடையின் வாசனையை நினைவு வைத்துக்கொண்டு வழி கண்டுபிடிக்கிறது. அடேயப்பா!

பசிபிக் சால்மன்களில் பல வகை உண்டு. நம் கதையின் நாயகன் 'பிங்க்' சால்மன். அதன் ஆயுள் சரியாக 2 ஆண்டு. இலையுதிர்காலத்தில் தாய் மீன் ஆற்றுக் கூழாங்கற்களுக்கு இடையே முட்டையிட்டுவிட்டு இறந்துவிடும். தந்தையும் அப்படியே. வசந்தத்தில் குஞ்சுகள் வெளியே வரும். மற்ற சில வகைகள் ஓராண்டு ஆற்றிலேயே தங்கி, கொஞ்சம் சதை போட்ட பிறகுதான் கடலுக்குப் போகும். பிங்க் குஞ்சுக்கு அந்தப் பொறுமை இல்லை. பிறந்த கையோடு கடலுக்கு ஓடிவிடும்! அப்போது அதன் நீளம் 3 அல்லது 4 செ.மீ.தான். உடம்பில் செதில்கூட முளைத்திருக்காது.

2001 வசந்தத்தில், அந்தப் பகுதியில் மீன்பிடி விடுதி நடத்தும் ஒருவர் இப்படிப்பட்ட குஞ்சுகளை மார்ட்டனிடம் கொண்டுவந்து காட்டினார். அவற்றின் உடம்பில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் கடல் பேன்!

பெயர்தான் பேன். நம் தலையில் ஓடும் பேனுக்கு இது சொந்தமல்ல. இறாலுக்கும் நண்டுக்கும்தான் தூரத்துச் சொந்தம். மீனின் மேல் உள்ள வழுவழுப்பையும் தோலையும் ரத்தத்தையும் தின்று வாழும். வந்து ஒட்டும்போது கடுகைவிடச் சிறியது. முழுதாக வளர்ந்த பெண் பேன் ஏறக்குறைய 1 செ.மீ. இருக்கும். பல கிலோ எடையுள்ள பெரிய சால்மனுக்கு இது ஒரு தொந்தரவே அல்ல. ஆனால் மூன்றரை செ.மீ. குஞ்சுக்கு? உங்கள் முதுகில் முறம் அளவுக்கு ஒரு பேன் ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துப் பாருங்கள்! செதில் இல்லாத குஞ்சைக் கொல்ல ஒன்றிரண்டு பேன்களே போதும்.

கடல் பேன் புதிதாக வந்ததா? இல்லை, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே இருக்கிறது. அப்படியானால் இத்தனை காலம் குஞ்சுகள் எப்படித் தப்பின?

இங்கேதான் இயற்கையின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இலையுதிர்காலத்தில் பெரிய சால்மன்கள் ஆற்றுக்குள் நுழைகின்றன. கடல் பேனுக்கு நல்ல தண்ணீர் ஆகாது, உதிர்ந்து இறந்துவிடும். மீன்களும் முட்டையிட்டு இறந்துவிடுகின்றன. குளிர்காலம் முழுவதும் கரையோரக் கடலில் பெரிய சால்மன்கள் மிகக் குறைவு. ஒட்டிக்கொள்ள ஆள் கிடைக்காமல் பேன்களும் குறைந்துபோகும். வசந்தத்தில் குஞ்சுகள் வந்து சேரும்போது கடல் சுத்தமாக இருக்கும். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே உள்ள சில மாத இடைவெளிதான் பிள்ளைக்குக் கவசம்!

இப்போது அந்த இடத்தில் பண்ணைக் கூண்டை வைத்துப் பாருங்கள். குளிர்காலத்திலும் லட்சக்கணக்கான பெரிய மீன்கள் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. பேன்களுக்குப் பண்டிகைதான்! கூண்டின் வலை மீனைத்தான் தடுக்கும், பேன் குஞ்சுகளைத் தடுக்காது. வசந்தத்தில் ஆற்றிலிருந்து வரும் குஞ்சுகள் அந்தக் கூண்டுகளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

2000ஆம் ஆண்டில் அந்தப் பகுதி ஆறுகளுக்குத் திரும்பிவந்த பிங்க் சால்மன்கள் சுமார் 36 லட்சம். அவற்றின் பிள்ளைகள்தான் 2001 வசந்தத்தில் பேனோடு கடலுக்குப் போன குஞ்சுகள். அவை 2002 இலையுதிர்காலத்தில் திரும்ப வேண்டும். திரும்பியவை எத்தனை தெரியுமா? சுமார் 1 லட்சத்து 47 ஆயிரம்!

மீன் குறைந்தால் யாருக்கு நஷ்டம்? மீனவருக்கு, ஓர்காவுக்கு, கரடிக்கு. மரத்துக்கும்தான்! அதே கடற்கரையில் இன்னும் வடக்கே உள்ள ஹைதா குவாய் தீவுகளில், விக்டோரியா பல்கலைக்கழக விஞ்ஞானி ஒருவர் கரடிகளைக் கண்காணித்தார். சால்மன் வரும் ஆறு வாரங்களில் ஒரு கரடி சுமார் 700 மீன்களைக் காட்டுக்குள் தூக்கிப் போயிற்று. ருசியான பாகத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தை மரத்தடியில் போட்டுவிடும். அது மரங்களுக்கு உரம். கடலிலிருந்து வந்த நைட்ரஜனை மரத்துக்குள்ளேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மறுபடி எக்கோ பேவுக்கு வருவோம். 'பண்ணைகளால்தான் பேன்' என்று மார்ட்டன் சொன்னார். பண்ணைக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சும்மா சொன்னால் யார் நம்புவார்கள்? எண்ணிக் காட்ட வேண்டும். எண்ணுவதற்காக மீனைக் கொல்லவும் கூடாது. அதற்கு மார்ட்டனும் மற்ற ஆராய்ச்சியாளர்களும் ஓர் எளிய வழியைக் கையாண்டார்கள்.

கரையோரமாகச் சின்னக் கண் வலையை வீசிக் குஞ்சுகளைப் பிடிப்பார்கள். ஒவ்வொன்றையும் கடல் தண்ணீரோடு தனித்தனி பிளாஸ்டிக் பையில் விடுவார்கள். நாம் சாப்பாடு வைக்கிறோமே, ஜிப் வைத்த பை, அதேதான்! பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, 16 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். மீனின் வகை, நீளம், எத்தனை பேன், அவை எந்தப் பருவத்தில் உள்ளன எல்லாம் நோட்டில் ஏறும். பிறகு மீனைக் கடலில் விட்டுவிடுவார்கள். ஓர் இடத்தில் பெரும்பாலும் 100 குஞ்சுகள். ஏப்ரல் முதல் ஜூன் வரை வாரா வாரம், அதே இடங்களில். மழை பெய்தாலும், விரல் விறைத்தாலும்! ராக்கெட் விடுகிற விஞ்ஞானத்தைவிட எனக்கு இந்தப் பை விஞ்ஞானம்தான் பிடித்திருக்கிறது.

2001இல் தொடங்கிய இந்தக் கணக்குக்கு உதவியாக இளம் ஆராய்ச்சியாளர்கள் வந்துபோக ஆரம்பித்தார்கள். மார்ட்டனின் இடமே 2006இல் ஆய்வு நிலையம் ஆயிற்று. அங்கே வேலை செய்த மார்ட்டின் கிரகோஷெக் என்ற இளைஞரும் அவர் குழுவினரும் 2007 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இப்படியே பேன் பெருகினால் இந்தப் பகுதியின் பிங்க் சால்மன்கள் நான்கு தலைமுறைகளில் 99 சதவீதம் அழிந்துவிடும் என்றது அந்தக் கட்டுரை. நான்கு தலைமுறை என்றால் இந்த மீனுக்கு 8 ஆண்டுதான்!

அது பலித்ததா? இல்லை. ஏன் தெரியுமா? பண்ணைகள் பேன் மருந்து கலந்த தீனியைக் குளிர்காலத்திலேயே, குஞ்சுகள் வருவதற்கு முன்பே, போட ஆரம்பித்தன. பேன் குறைந்தது, சரிவும் நின்றது. 2013இல் வந்த ஆய்வு இதைக் காட்டியது. கணிப்பு பொய்யாய்ப் போனதில் சந்தோஷப்பட்ட விஞ்ஞானிகள் இவர்களாகத்தான் இருக்கும்!

சண்டை மட்டும் ஓயவில்லை. 2010இல் ஓர் ஆய்வு, பண்ணைகளின் சொந்தப் பதிவேடுகளைப் பார்த்துவிட்டு, 2002 சரிவுக்குப் பண்ணைப் பேன் காரணமல்ல என்றது. 2011இல் கிரகோஷெக் குழு பண்ணைப் பதிவேடுகளை வேறு விதமாக அலசி, பண்ணையில் பேன் கூடும்போது பிங்க், கோஹோ என்ற இரண்டு வகைச் சால்மன்களுமே குறைகின்றன என்று காட்டியது. கணக்கு டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள், ஒரே எண்களை வைத்துக்கொண்டு இரண்டு பேர் எப்படிச் சண்டை போட முடியும் என்று விளக்குவார். 2015இல் கடல் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. பேன் மறுபடி தலைதூக்கியது. மருந்து சரியான நேரத்தில் போய்ச் சேரவில்லை.

அந்தத் தீவுகள் பழங்குடி மக்களின் பூமி. சால்மன் அவர்களுடைய சோறு. 2017இல் அவர்களில் சிலர் பண்ணைகளிலேயே போய்த் தங்கிப் போராடினார்கள். 2018இல் நம்கிஸ், மாமலிலிகுல்லா உள்ளிட்ட மூன்று பழங்குடி நாடுகளும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. புரோட்டனில் இருந்த 17 பண்ணைகளைப் படிப்படியாகக் குறைப்பது, 2023க்குப் பிறகு பழங்குடி நாடுகளின் சம்மதம் இல்லாமல் எதுவும் இயங்கக் கூடாது என்பது முடிவு. 2024 ஜூனில் கனடா மத்திய அரசு, அந்த மாகாணக் கடலில் திறந்த வலைக் கூண்டுகளில் சால்மன் வளர்ப்பதை 2029 ஜூன் 30க்குள் நிறுத்தப்போவதாக அறிவித்தது. எல்லாருக்கும் இதில் சந்தோஷம் இல்லை. பண்ணையில் வேலை செய்பவர்கள் 'எங்கள் பிழைப்பு என்னாவது?' என்று கேட்கிறார்கள். பண்ணைகள் வேண்டும் என்று சொல்லும் பழங்குடி நாடுகளும் அந்தக் கரையில் உண்டு. அவர்கள் கேள்வியும் நியாயமான கேள்விதான்.

கூண்டுகள் போனதும் லென்ஸைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடலாம் என்று நினைக்கிறீர்களா? இப்போதுதான் எண்ணுவதற்கு இன்னும் அவசியம். கூண்டு இருந்த ஆண்டுகளில் எவ்வளவு பேன், இல்லாத ஆண்டுகளில் எவ்வளவு என்று ஒப்பிட வேண்டாமா? அந்தப் பழைய எண்கள் எல்லாம் நோட்டில் இருக்கின்றன. கடல் சூடாவது வேறு இருக்கிறது.

ஆகவே வலையை வீசுகிறார்கள். பையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். உள்ளே, உங்கள் சுண்டுவிரலைவிடச் சின்னதாக ஒரு வெள்ளிக் குஞ்சு சுற்றிச் சுற்றி வருகிறது. இந்தப் பக்கம் பார்த்தாயிற்று. அந்தப் பக்கமும் பார்த்தாயிற்று. பேன் ஒன்றும் இல்லை. நோட்டில் '0' என்று எழுதுகிறார்கள். குஞ்சு தண்ணீருக்குள் நழுவிப் போகிறது. அது பிழைத்திருந்தால், அடுத்த ஆண்டு இலையுதிர்காலத்தில் பெரிய மீனாகி அதே வழியாகத் திரும்பி வரும். அப்போதும் ஓடைக்கரையில் யாராவது எண்ணிக்கொண்டு நிற்பார்கள்.