பணம் கொடுத்தால் பிள்ளை திரும்புமா?

1932-ஆம் வருஷம் மார்ச்சு முதல் தேதி இரவு. அமெரிக்காவில், நியூஜெர்ஸி மாகாணத்து ஹோப்வெல் என்னும் ஊரருகே ஒரு வீட்டின் மாடி ஜன்னலில் ஏணி சாத்தப்பட்டது. தொட்டிலில் கிடந்த 20 மாதக் குழந்தை மறைந்தது. 50,000 டாலர் கேட்டு ஒரு கடிதம் மட்டும் இருந்தது. 1927-இல் அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைத் தன்னந்தனியே விமானத்தில் கடந்து புகழ்பெற்ற லிண்ட்பெர்க்கின் தலைமகன் அக்குழந்தை.

தூது சென்றவர் காண்டன் என்னும் ஓய்வுபெற்ற உபாத்தியாயர். (எத்தேசத்திலும் இத்தகைய சங்கடங்களுக்கு முன்வந்து நிற்பவர் வாத்தியார்தாம் போலும்!) அடையாளம் கேட்டதற்குக் குழந்தையின் இரவு உடுப்பு வந்து சேர்ந்தது. ஏப்ரல் 2-ஆம் தேதி இரவு, ஒரு மயானத்தில் 50,000 டாலர் கைமாறிற்று. குழந்தை வரவில்லை. மே 12-இல், வீட்டிலிருந்து ஐந்து மைலுக்குட்பட்ட தோப்பொன்றில் அதன் உடல் அகப்பட்டது. மண்டை உடைந்து, உயிர் நீங்கிச் சுமார் இரண்டு மாதமாயிற்று என்றனர் வைத்தியர்.

உடுப்பானது, குழந்தை அவர்கள் கையில் சிக்கியதற்குச் சாட்சி, உயிரோடிருப்பதற்குச் சாட்சியன்று. இக்காலத்தில் இவ்வகைப் பேரத்தில் தேர்ந்தவர்கள், சிறைப்பட்டவனுக்கு மட்டுமே தெரிந்த கேள்வியொன்றைக் கேட்டு, விடை வந்த பின்னரே மேலே பேசுகின்றனர். பேச்சு முற்றாத மழலையிடம் என்ன கேட்பது?

ஆள்பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட கூட்டத்துக்குப் பிணையாளியின் உயிரே கைமுதல். அதை எளிதில் அழிக்கமாட்டார்கள். 1973 ஜூலையில் ரோமாபுரியில் பிடிபட்ட அமெரிக்க எண்ணெய்ச் சீமான் கெட்டியின் பேரன் ஒரு காதை இழந்தும் டிஸம்பரில் உயிருடன் மீண்டான். கன்னட நடிகர் ராஜ்குமார் 2000-இல் வீரப்பனிடம் 108 நாள் இருந்து திரும்பினார். ஆனால் அதே வீரப்பன் 2002 ஆகஸ்டில் கொண்டுபோன முன்னாள் மந்திரி நாகப்பா டிஸம்பரில் பிணமாகவே கிடைத்தார். அச்சம் மிகுந்த புதுக் கள்வனும், பிள்ளைக்கு முகம் தெரிந்த அண்டை வீட்டானும் இன்னும் அபாயகரமானவர்கள். உயிரோடு விட்டால் காட்டிக் கொடுக்குமே என்ற பயம் அவர்களை ஆட்டும்.

இத்தாலி தேசத்தார் 1991-இல் ஒரு சட்டம் செய்தனர். ஒருவர் கடத்தப்பட்டால் அவர் குடும்பத்தாரின் சொத்து உடனே முடக்கப்படும். பணம் கிடைக்காதெனில் தொழில் படுத்துவிடும் என்பது கணக்கு. நாட்டுக்கு அது நியாயமாகலாம். ஆயினும், பெற்றவன் கையைக் கட்டிவைக்கும் அச்சட்டத்தை முழுமனத்துடன் மெச்ச நமக்கு வாய் வரவில்லை.