குளத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே 150 அடி

நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் காட்டில் குளத்தருகே தங்குபவருக்குக் குழாய்த் தண்ணீரும் கிடையாது, மின்விளக்கும் கிடையாது. பத்துப் பேருக்குக் குறைந்த குழு மூன்று இரவுவரை தங்க அனுமதிச் சீட்டுகூடத் தேவையில்லை. இவ்வளவு தாராளமான அரசு ஒன்றில் கறாராக நிற்கிறது: மரத்தில் மஞ்சள் வில்லை அறைந்து குறித்த இடங்கள் தவிர, நீர்க்கரையிலிருந்து 150 அடிக்குள் எங்கும் கூடாரம் அடிக்கக் கூடாது. கண்விழித்ததும் தண்ணீர் தெரியவேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு இது வெறும் கெடுபிடியாகத் தோன்றும். ஆனால் அந்தச் சுமார் 46 மீட்டர் மண் குளத்துக்காக ஓயாமல் வேலை செய்கிறது.

காட்டுக் குளம் தெளிவாக இருப்பதற்குக் காரணம் அதில் சத்து குறைவு என்பதே, முக்கியமாக பாஸ்பரஸ். 1973-இல் கனடாவின் ஒண்டாரியோவில் டேவிட் ஷிண்ட்லரின் குழு 226 என்று எண்ணிட்ட ஏரியை நடுவே திரை கட்டிப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதிதான் பாசி மண்டிப் பச்சையானது. 'ஒரே ஒருவர் ஓரிரவு தங்கினால் என்ன கெட்டுவிடும்?' என்று கேட்கலாம். ஒருவரின் ஒருநாள் கழிவில் ஏறத்தாழ ஒரு கிராம் பாஸ்பரஸ் உண்டு. லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் மட்டுமே உள்ள தெளிந்த நீரில், ஒரு லட்சம் லிட்டருக்குள் இருப்பதும் அதே ஒரு கிராம்தான்! கழிவைக் கரையிலிருந்து தள்ளிக் குழிதோண்டிப் புதைத்தால், மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் பாஸ்பரஸைப் பிடித்து வைக்கின்றன, வேர்கள் உறிஞ்சுகின்றன. 'மக்கும் சோப்பு' என்று விற்பதை மக்கச் செய்வதும் மண்ணின் நுண்ணுயிர்களே. அதைக் குளத்திலேயே கரைப்பது முறையல்ல.

அப்படியானால் மஞ்சள் வில்லைகள் சில கரையை ஒட்டியே இருப்பது முரண் இல்லையா? இல்லை. கன்னி மண்ணில் முதல் சில இரவுகளே பெரும் சேதம் செய்கின்றன: செடி நசுங்குகிறது, சருகு விலகுகிறது, மண் இறுகி மழைநீர் உள்ளே இறங்காமல் மேலோடு வழிகிறது. அதன்பின் எத்தனை பேர் தங்கினாலும் சேதம் அதே வேகத்தில் ஏறுவதில்லை. அதனால் ஏற்கெனவே இறுகிய ஓரிடத்தை விட்டுக்கொடுத்து மற்ற கரையைக் காப்பது சரியான கணக்கு. அந்தக் கணக்கும் லூன் எனும் நீர்ப்பறவையிடம் செல்லாது. கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்ததால் அதற்குத் தரையில் சரியாக நடக்க வராது. தண்ணீரை ஒட்டியே கூடு கட்டியாக வேண்டும். ஆள் நெருங்கினால் அது நீருக்குள் இறங்கிவிடும், முட்டைகள் குளிர்ந்துபோகும். மே, ஜூனில் அருகே கூடு தெரிந்தால், வில்லை இருந்தாலும் வேறிடம் பார்ப்பதே நியாயம்.